நாலரை நொடி

ஸ்டாப்வாட்ச் பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். செருப்புத் தொழிற்சாலையில் நாள் முழுக்க தோலைத் தையல் இயந்திரத்துக்குள் தள்ளுகிறவளுக்கு, ஒரு பொத்தானை இரண்டு தடவை அமுக்குவதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது.

சரக்குக் கிடங்கின் நீளமான சுவரை ஒட்டிய தெரு அது. லாரிகள் வர ஏழு மணி ஆகும். அதற்குள் அவள் கணவன் ஓடி முடித்துவிட வேண்டும். சாக்பீஸால் இரண்டு கோடு. இரண்டுக்கும் நடுவில் முப்பது மீட்டர். அவளுடைய தையல் டேப்பை இருபது தடவை தரையில் வைத்து இருவரும் குனிந்தபடியே அளந்த தூரம். அன்றைக்குப் பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, "என்ன, ரோட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று கேட்டாள்.

அவள் கணவன் பேஸ்பால் ஆட்டக்காரன். கிளப் அணியில் கேட்சர். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சீறிவரும் பந்தைக் கையுறையில் வாங்குகிற வேலை. ஒரு ஆட்டத்தில் நூறு, நூற்றைம்பது தடவை உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். பந்து எதுவும் தன்னைத் தாண்டிப் போக விடமாட்டான் என்பதால் அணியில் அவனுக்குச் 'சுவரு' என்று பெயர். பதினான்கு வருடம் உட்கார்ந்து எழுந்ததில் சுவரின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டிருந்தது. மாடிப்படி ஏறும்போது அவனுடைய முழங்கால்களின் சத்தம் அவனுக்கு முன்னால் வீடு வந்து சேரும்.

இந்த வருடம் கிளப்பில் ஒரு புது விதி போட்டிருந்தார்கள். சீசனுக்கு முன்னால் எல்லோருக்கும் உடல் தகுதித் தேர்வு. பார்பெல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுவது, கனத்த பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவது, கைப்பிடியின் பலம் பார்ப்பது, இதிலெல்லாம் அவன் இளவட்டங்களை ஊதித் தள்ளிவிடுவான். கடைசியாக முப்பது மீட்டர் ஓட்டம். நாலரை நொடிக்குள் ஓடினால் அணியில் இடம். ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அணியில் உள்ள பையன்கள் அவன் ஓடுவதைப் பார்த்து, "பெருசு, ஓடுறீங்களா, வீடு மாத்துறீங்களா?" என்று கேட்பார்களாம். அவனே வந்து சொல்லிச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகு கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்தவர் கிளப்பின் எடைப் பயிற்சி அறையைக் கவனிக்கிற இரும்பு மாஸ்டர். இரும்போடு புழங்கிப் புழங்கி அந்தப் பெயர் வந்ததே தவிர, ஆள் பஞ்சு மாதிரி. "நீ மாரத்தான் ஓட வேண்டாம்டா. ஒரு பேஸ்லருந்து அடுத்த பேஸுக்குப் போற சின்ன ஓட்டம் போதும். அதுக்கு உன் தொடையோட பின்பக்கத்தை எழுப்பணும். அது தூங்கி வருஷம் ஆச்சு" என்றார்.

எழுப்புகிற வேலையில் பாதி அவள் தலையில் விழுந்தது. காலையில் படுக்கையறைத் தரையில் பாயை மடித்துப் போட்டு அவன் மண்டியிடுவான். அவள் அவனுடைய கணுக்கால்கள் மேல் உட்கார்ந்துகொள்வாள். அவன் முதுகை வளைக்காமல், விழுகிற மரம் மாதிரி மெதுவாக, மிக மெதுவாக முன்னால் சாய்வான். பாதி வழியில் தொடை நடுங்கும். அந்த நடுக்கம் அவளுக்கு உடம்பெல்லாம் வந்து சேரும். "இன்னும் கொஞ்சம் வெயிட் போட்டா நல்லாயிருக்கும்" என்பான். "ஆமா, இப்ப சொல்லுவீங்க. கல்யாணத்தப்ப ஒல்லியா வேணும்னு கேட்டது யாரு?" என்பாள் அவள். ஆறு வயது மகள் சிட்டு கட்டிலில் குப்புறப் படுத்தபடி எண்ணிக்கை போடுவாள். ஏழுக்கு அப்புறம் ஒன்பது என்று தாண்டி அப்பாவுக்கு ஒன்றை மிச்சம் பிடித்துக் கொடுப்பாள்.

அப்புறம் கிடங்குத் தெரு. இடுப்பில் கயிறு கட்டி, பழைய லாரி டயர் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். டயருக்குள் செங்கல். முதல் வாரம் இரண்டு. டயரைக் கழற்றி, மூச்சு வாங்கி, பிறகு ஒரே ஒரு தடவை முழு வேகத்தில் கோட்டிலிருந்து கோட்டுக்கு. அந்த ஓட்டத்துக்குத்தான் வாட்ச்.

முதல் நாள் அது காட்டியது நாலு எண்பத்திரண்டு.

அவன் வாட்சை வாங்கிப் பார்த்தான்.  அந்த முகம். தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டிய அன்று பலகைக்கு முன்னால் நின்றவர்களிடம் அவள் பார்த்த முகம் அது. அன்று முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு நாள் அவன் ஓடி வந்துகொண்டிருக்கும்போது சிட்டு அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். விரல் முன்னாடியே அமுக்கிவிட்டது. நாலு அறுபத்தாறு. தப்பாகிவிட்டது, இன்னொரு தடவை ஓடுங்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் வாட்சை எட்டிப் பார்த்துவிட்டான். சிட்டுவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசினான். அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் தேதி போட்டு 4.66 என்று எழுதினான். அந்த ராத்திரி மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் குறட்டை விட்டதைக் கேட்டுக்கொண்டே அவள் படுத்திருந்தாள்.

அடுத்த நாள் உண்மையான கணக்கைக் காட்டியிருக்கலாம். காட்டினால் எண்பது வரும். அலமாரிக் கதவில் அறுபத்தாறுக்குக் கீழே எண்பது என்று அவன் எழுதுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னால் ஒரு சாக்கடை மூடி இருந்தது. அவன் கால் அதைத் தொடும்போது அமுக்கினாள். நம்பிக்கை வந்துவிட்டால் கால் தானாக வேகம் பிடித்துவிடும், பிடித்த பிறகு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். ஒரு தையலில் இறுக்கிப் பிடித்த தோலை அடுத்த தையலில் தளர்த்திவிடுவது மாதிரி.

கால் வேகம் பிடிக்கவில்லை. அவள் விரல்தான் பிடித்தது. நாலு அறுபது, ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்பது. சாக்கடை மூடி போதாமல் போன பிறகு, அதற்கும் முன்னால் நின்ற விளக்குக் கம்பத்துக்கு மாறினாள்.

சனிக்கிழமைதோறும் அவன் அந்த எண்களை மாஸ்டரிடம் ஒப்பித்துவிட்டு வருவான். வந்ததும் டயரில் செங்கல் கூடும். மூன்று, நான்கு, ஆறு. "நம்பர் இறங்கினா செங்கல் ஏறும், அதான் மாஸ்டர் கணக்கு" என்பான் பெருமையாக. பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பதையும் அட்டவணையில் சேர்த்திருந்தார். மாலையில் அவன் இரண்டு முழங்காலிலும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். செங்கல் எதற்காக ஏறுகிறது என்று அவள் யோசிக்கவில்லை. ஆண்கள் விவகாரம் என்று விட்டுவிட்டாள்.

ஆறாவது வாரம் மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"கிளப்ல ஒரு வேலை காலியாகுதுடா. பயிற்சியில பந்து எறியறவங்களுக்குப் பிடிச்சுக் குடுக்குற வேலை. மாசச் சம்பளம். ஓட வேண்டியதில்ல, தேர்வு எழவும் இல்ல. ஆனா ஆட்டக்காரங்க பட்டியல்ல பேர் இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீ இல்லைன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அவன் அவளைப் பார்த்தான். மாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"இந்த வாரம் எவ்வளவும்மா?"

"நாலு நாற்பத்தேழு" என்றாள். சிட்டு அலமாரிக் கதவைத் திறந்து எழுதியிருந்ததைக் காட்டினாள்.

"கை வாட்ச் புள்ளி ரெண்டு நொடி குறைச்சுதான் காட்டும். எங்ககிட்ட இருக்கறது எலெக்ட்ரானிக் கேட், அது ஈவு இரக்கம் பார்க்காது. அப்படின்னா உண்மையில அறுபத்தேழு." அவர் கதவின் பக்கத்தில் போய் நின்று எண்களை மேலிருந்து கீழாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார். "ஆனா இறங்குற வேகத்தைப் பாரு. இப்படியே போனா நாலு வாரத்துல உள்ள வந்துடுவே. முடிவு உன்னோடது. நானா இருந்தா ஓடிப் பார்ப்பேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். மாஸ்டர் நல்ல மனிதர், கத்தமாட்டார். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல் மேடைக்குப் போனாள். அதைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

"நான் ஓடறேன் மாஸ்டர்" என்று அவன் சொன்னது தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

தேர்வு நாளில் குடும்பத்தையும் உள்ளே விட்டார்கள். உயரமான கூரை போட்ட கூடம், ரப்பர் தரை. இரு முனைகளிலும் முக்காலி மேல் சின்னச் சின்னப் பெட்டிகள். இரண்டு பெட்டிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கதிர் போகும், உடம்பு அதை வெட்டும்போது நேரம் விழும் என்று ஒரு பையன் அவளுக்கு விளக்கினான். அவள் தலையாட்டினாள்.  எப்படியாவது நடந்துவிடும் என்று ஒரு நப்பாசை மட்டும் மிச்சம் இருந்தது.

பார்பெல்லில் அவன்தான் முதல். கனத்த பந்தை அவன் எறிந்த எறியில் சுவரில் தொங்கிய கடிகாரம் சாய்ந்துவிட்டது. பையன்கள் கைதட்டினார்கள். பிறகு ஓட்டம்.

பலகையில் சிவப்பு எழுத்தில் விழுந்தது: 5.06.

 அவன் மூச்சு வாங்கியபடி பலகையைப் பார்த்தான். பிறகு அமைதியாகச் சொன்னான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு மாஸ்டர்."

"காலையிலருந்து பன்னிரண்டு பேர் ஓடியிருக்காங்கடா."

"பத்து வாரமா என் பொண்டாட்டி பிடிச்சிருக்கா. நேத்து நாலு இருபத்தொன்பது. ஊசிக்கு நேரா தோலைத் தள்றவ அவ. அவ கை தப்பாது. அவகிட்டயே கேளுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டாவது சான்ஸ் இருக்கு. அம்மா, உங்க வாட்ச் இருக்கா? நீங்களும் பிடிங்க. ரெண்டையும் வச்சுப் பார்த்துடலாம்."

வாட்ச் அவள் பையில் இருந்தது. கடைசிக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய் அவளை நிறுத்தினார்கள். இங்கே சாக்கடை மூடி இல்லை, விளக்குக் கம்பம் இல்லை. கோடு மட்டும். அவன் தூரத்தில் குனிந்து நின்று, அவளைப் பார்த்துத் தலையசைத்தான். கிடங்குத் தெருவில் தினமும் அசைக்கிற அதே அசைப்பு.

அவன் அசைந்ததும் அமுக்கினாள். அவன் நெஞ்சு கோட்டைத் தாண்டியதும் அமுக்கினாள்.

பலகையில் 5.09. அவள் கையில் 4.89.

மாஸ்டர் வந்து வாட்சைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "அதே புள்ளி ரெண்டுதான் வித்தியாசம். சரியாத்தான் பிடிக்கிறீங்க" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு அவர் முகம் மாறியது. "அப்ப வீட்ல இத்தனை நாளா..."  கையில் இருந்த அட்டவணையைப் புரட்டினார். "நான் அந்த நம்பரை வச்சுத்தாம்மா சுமையை ஏத்தினேன். இந்தக் கால் தேறவே இல்லைன்னு தெரிஞ்சிருந்தா டயரையே கழட்டச் சொல்லியிருப்பேன். ரெண்டு வாரம் படுத்துத் தூங்குடான்னு சொல்லியிருப்பேன். எட்டு செங்கல் இழுக்க வச்சுட்டேனே."

அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். அவள் வாட்சை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் சிட்டு, நடுவில் அவள், இந்தப் பக்கம் அவன். மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு கேட்டான்.

"முதல் நாள் எவ்வளவு?"

"நாலு எண்பத்திரண்டு. அது நிஜம்."

"நேத்து?"

"தெரியலைங்க. நான் கோட்டைப் பார்க்கவே இல்ல."

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வேலைக்கு யாரோ ஒரு பையனை எடுத்துட்டாங்க" என்றான். அவளிடம் சொன்னமாதிரி இல்லை. நடத்துநரிடம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது மாதிரி இருந்தது. திட்டினால் தேவலை என்று அவள் காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

"அப்பா பாஸா?" என்று சிட்டு கேட்டாள். இருவரும் அவரவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது படுக்கையில் அவன் இல்லை. கீழே தரையில் மண்டியிட்டிருந்தான். மடித்த பாய், நேரான முதுகு. குதிகால்களைக் கட்டிலின் கீழ்ச்சட்டத்துக்குள் நுழைத்திருந்தான். எதற்காகச் செய்கிறான் என்று அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, உடம்பு அந்த நேரத்துக்கு எழுந்து அந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் இறங்கி, சிட்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

அவன் மெதுவாக முன்னால் சாய்ந்தான். அது லேசான கட்டில். பாதி வழியில் அதன் கால் பக்கம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. அவன் நிமிர்ந்தான், கட்டில் தொப்பென்று விழுந்தது. மறுபடியும் சாய்ந்தான். மறுபடியும் தூக்கியது.

அவள் சிட்டுவோடு எழுந்து போய்க் கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டில் தரையில் ஊன்றி நின்றது.

அவன் சாயவில்லை. கொஞ்ச நேரம் மண்டியிட்டபடியே இருந்தான். பிறகு குதிகால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கால்கள் சத்தம் போட்டன. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனான்.

"எட்டு" என்றாள் சிட்டு தூக்கக் கலக்கத்தில். ஏழு வரை இன்னும் யாரும் எண்ணவே இல்லை.