ரெனான் பேர் இருந்த பாட்டு

எடினெல்சா அந்தப் பாட்டை யாருக்கும் விற்கவில்லை. பிரேசிலின் பெலெம் நகரில் எவள்தான் பாட்டை விற்றாள்? பாடிப் பதிவுசெய்த கையோடு பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடுவார்கள். "கேக்கறவங்களுக்கெல்லாம் போட்டுக் குடு" என்று, திருட்டு நகல் போட்டு விற்கிற தள்ளுவண்டிக்காரர்களிடம் சும்மா கொடுப்பார்கள். பாட்டு தெருவெல்லாம் பரவினால்தான் ஆட்ட மேடைகளில் பாடக் கூப்பிடுவார்கள். எடினெல்சாவுக்கு மேடைகூடப் பெரிதில்லை. ஆற்றோடு போன மகன் ரெனானின் பேர் பல்லவியில் இருந்தது. ஊர் வாயில் அந்தப் பேர் இருக்கிறவரை அவன் முழுசாகப் போய்விடவில்லை என்று நம்பினாள். பைத்தியம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். பெற்ற வயிறு அப்படித்தான்.

ஒரு காரியம் செய்தாள், அங்கே எல்லோரும் செய்வதுதான். மலைபோல் ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆட்டம் நடத்துகிற வால்டோ அதைப் போடவேண்டுமே என்று, பாட்டு நெடுக "வால்டோ! வால்டோ!" என்று கத்திவைத்தாள். தன் பேரைச் சொல்லிவைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

சில வருடம் ஊரே அதைப் பாடியது. பிறகு வால்டோ தன்னிடமிருந்த பாட்டுகளையெல்லாம் சாவோ பாவ்லோ கம்பெனி ஒன்றுக்கு எழுதிக்கொடுத்தான். கொஞ்ச நாளில், ரெனான் படங்களோடு அவள் இணையத்தில் போட்டிருந்த பாட்டைத் தூக்கிவிட்டார்கள். அடுத்தவர் சொத்தாம். அவள் திருடியாம்! அட, கொடுமையே!

இலவச வக்கீல் பாட்டை முழுசாகக் கேட்டார்.

"பூரா வால்டோ பேருதானேம்மா கேக்குது. உங்க பேரு எங்க?"

"அப்படித்தாங்க எல்லாரும் போடுவோம். எழுதினது நான்னு சந்தையே சொல்லும்."

"சொல்லும். அனுமதியில்லாம பாட்டு வித்தவன் எவன் கோர்ட்டு ஏறுவான்? நான் உங்களை நம்பறேம்மா. சட்டம் நம்பணுமே."

கொதித்துப்போய் வால்டோ வீட்டுக்கு நடந்தாள். அவன் காலில் விழாத குறை.

"சத்தியமா தெரியாதுக்கா. இருக்கறதெல்லாம் குடுன்னாங்க, குடுத்துட்டேன். இப்ப என் மேடையில நான் போடவே அவனுங்களைக் கேக்கணும்."



கடைசியாகச் சந்தைக்குப் போனாள். முதன்முதலில் அந்தப் பாட்டை வாங்கிப் பரப்பிய மரினால்வாவின் வண்டியில் இப்போது செல்போன் உறைகள் தொங்கின.

"பழையபடி போட்டுக் குடேன்டி. யாருக்காவது."

"விளையாடறியா? பக்கத்து வண்டியைப் போலீஸ்காரனுங்க அப்படியே அள்ளிட்டுப் போயிட்டானுங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குடி."

அப்போது எதிர்க்கடையில் அந்தப் பாட்டு கிளம்பியது. மெட்டு அவளுடையது, குரல் யாரோ தெற்கத்திப் பெண்ணுடையது. கம்பெனி புதுசாகப் பாடவைத்திருந்தது. பல்லவியில் ரெனான் இருந்த இடத்தில் "கண்ணே" என்று வந்தது. மீன் வெட்டுகிறவர்களும் அசாயிப் பழம் பிழிகிறவர்களும் கூடவே பாடினார்கள்.

"ரெனான்!" என்று எடினெல்சா கத்தினாள். அடுத்த பல்லவிக்கும் தொண்டை கிழியக் கத்தினாள்.

மீன் பையோடு போன ஒரு பெண் நின்று, சிரித்த முகமாகத் திருத்தினாள்.

"ரெனான் பழசுக்கா. இப்ப 'கண்ணே'ன்னுதான் பாடணும்."