அவசரப் பதில்

கரமனை அக்ரஹாரத்து வீடுகளுக்கு அகலம் கிடையாது. நீளம் மட்டும் தாராளம். நடந்து நடந்து யோசிக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான வீடு அமையாது. பத்மப்ரியா மத்தியானத்திலிருந்து வாசல் கதவுக்கும் கொல்லைக் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்காலையிட லட்சக்கணக்கான பெண்கள் தெருவில் மூட்டும் அடுப்புகளுக்கு மொத்தம் எத்தனை செங்கல் வேண்டியிருக்கும் என்று வாய்விட்டுக் கணக்கு வேறு. பொங்காலை முடிந்து மாசக்கணக்காகிறது. செங்கல் வியாபாரமும் அவளுக்கு இல்லை. ஆனால் நாளைக்கு யாராவது இப்படி ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால் முழிக்கக்கூடாதே என்றுதான் இந்தப் பாடு.

மறுநாள் காலையில் அவளுக்கு இன்டர்வியூ. மும்பையில் ஒரு கன்சல்டிங் கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு யோசனை சொல்லும் தன் பிரிவுக்கு அனுபவமுள்ள ஆளாகத் தேடிக்கொண்டிருந்தது. முதல் சுற்றில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டாள். நாளைக்குக் கடைசிச் சுற்று, லேப்டாப்பில். அதில் ‘கேஸ்’ என்று ஒன்று கொடுப்பார்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் தலைவலியைச் சொல்லி, இதற்கு என்ன மருந்து என்று கேட்பார்கள். மருந்துகூட அப்புறம்தான். அதை எப்படி யோசித்துக் கண்டுபிடிக்கிறாள் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

பத்மப்ரியாவுக்கு இடித்தது அங்கேதான். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் ஆபரேஷன்ஸ் மேனேஜர். நோயாளியோடு லிஃப்ட் பாதியில் நின்றாலும், பில் கவுன்டரில் ஒருவர் இன்னொருவர் சட்டையைப் பிடித்தாலும், பதில் அந்த நொடியிலேயே வேண்டும். ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளலாமா என்று அங்கே கேட்க முடியாது. வருஷக்கணக்காக அப்படியே பழகிப்போன நாக்கு. கேஸ் பயிற்சி கொடுக்க ஆன்லைனில் வந்த பிரணவ், அவளைவிடப் பத்து வயசாவது சின்னவன், தலைபாடாக அடித்துக்கொண்டான். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது உண்டா’ என்று ஒரு தடவை கேளுங்கள், அவ்வளவுதான் என்றான். அந்த ஒரு தடவைதான் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

சாயங்காலம் கைலாஷ் தம்பானூர் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு தாளைக் கையில் திணித்தாள்.

“இன்னிக்கு நீங்கதான் இன்டர்வியூ பண்றவர். ஆம்படையானா இருக்கப்படாது, கறாரா இருக்கணும், கேட்டேளா?”

“காப்பி கிடைக்குமோ?”

“முடிஞ்சப்பறமாக்கும் காப்பி.”

கைலாஷ் சமர்த்தாக மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தாளில் இருந்த இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்தான். “ஒரு ஹோட்டல் கம்பெனி. ரெண்டு வருஷமா லாபம் கொறைஞ்சுண்டே…”

“சமையல்கட்டுல திருடறா.”

“ஹோட்டல் எந்த ஊர்லன்னே நான் இன்னும் சொல்லலையேடி!”

“எந்த ஊரானா என்ன? அங்கேதான் திருடுவா.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்பதை நெருங்குகிற வயசில் இப்படி ஒரு வேலை இன்னொரு தடவை கதவைத் தட்டாது. வந்ததைத் தன் வாயே விரட்டிவிடப் போகிறது என்று பயமாக இருந்தது. மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.

“சரி, இதை விடு. கடைசித் தாள் சுலபமா இருக்கும்போல,” என்று அவன் புரட்டினான். “இந்த ஜோலியிலே வாரத்துல பாதி நாள் வெளியூர். வீட்டையும் மும்பைக்கு மாத்தணும். உங்க குடும்பத்துக்குச் சம்மதமா?”

இதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது, அதுவும் நல்ல இங்கிலீஷில். நடையை நிறுத்தாமலே ஒப்பித்தாள். என் குடும்பம் முழு மனசோடு என் பக்கம் நிற்கிறது. என் கணவர் மும்பைக்கு மாற்றல் கேட்கப்போகிறார். இதையெல்லாம் நாங்கள் விரிவாகப் பேசி முடிவு செய்துவிட்டோம்.

கொல்லைக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் வீட்டில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. கைலாஷ் கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

“எப்போ பேசினோம்?”

அவள் நின்றாள்.

“ஆத்துலேர்ந்தே பாக்கற ஜோலின்னு சொன்னே.”

“முதல்ல அப்படித்தான் சொன்னா. போன வாரம் மாத்திட்டா.”

“நீ சொல்லலையே.”

“சொன்னா நீங்க சரின்னுதானே சொல்லுவேள்!”

அவன் தாள்களை அடுக்கிப் பக்கத்தில் வைத்தான். “நான் ஒரு நிமிஷம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

மெயின் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போயிற்று. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நாக்கு பரபரத்தது. சமாதானங்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்கு இஷ்டமில்லை,” என்றான் கடைசியில். “அதுக்காக நீ போகப்படாதுன்னு சொல்லலை.”

‘பின்னே என்ன, சரிதானே!’ பல்வரைக்கும் வந்துவிட்டது. பாடுபட்டு விழுங்கினாள்.

“நான்… வேறே ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?”

பிரணவ் காதில் விழுந்திருந்தால் கை தட்டியிருப்பான்.

“இருக்கு,” என்றான் கைலாஷ். “எனக்குச் சென்னைக்குப் பிரமோஷன் வந்துதே. உன்கிட்டே வந்து கேட்டேன். நீ குக்கரை எறக்கிண்டிருந்தே. ‘ஆஸ்பத்திரியை விட்டுட்டு நான் எப்படி வரது’ன்னே. மறுநாளே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“உங்களுக்கும் பெரிசா ஆசையில்லைன்னு நினைச்சேன்.”

“நினைச்சே. கேக்கலை பத்மா.”

அந்தக் குக்கர் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு வைத்த புளிக்குழம்புகூட ஞாபகம் வந்தது. சமையல்கட்டு வாசற்படியில் நின்று கேட்டவனின் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்தானே வரும். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு இதைக் கேட்டா, நேத்துதான் பேச ஆரம்பிச்சோம், இன்னும் முடியலைன்னு சொல்லிடறேன்.”

“ஜோலி போயிடுமேடி.”

“போனா போகட்டும். சென்னைக்குப் போக எத்தனை ஆசைப்பட்டேள், சொல்லுங்கோ.”

கைலாஷ் தயங்கித் தயங்கித்தான் சொல்ல ஆரம்பித்தான். நடுவில் இரண்டு இடத்தில் அவளுக்குப் பதில் வந்தது. இரண்டையும் அவள் சொல்லவில்லை.