கியாசுதீன் உதைத்த பந்து

பாலக்கரை கியாசுதீன் 1950-இல் ஆஸ்திரேலியாவில் உதைத்த பந்து பத்தொன்பது வருஷம் கீழே விழவில்லை. அதற்குள் அரிசி விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறிவிட்டது.

கப்பலில் மூட்டை தூக்கப் போனவர் அவர். மெல்போர்ன் பக்கம் ஒரு துறைமுகத்தில், மேலிருந்து நழுவிய வெங்காய மூட்டையை ஆளுயரத்துக்கு மேல் எகிறிப் பிடித்தார். பார்த்த வெள்ளைக்காரர்கள் மூட்டையை விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஆடுகிற கால்பந்து நம் ஊர்க் கால்பந்து இல்லை. பந்து பலாக்கொட்டை மாதிரி நீளமாக இருக்கும். கையாலும் பிடிக்கலாம். எதிராளியின் தோளில் ஏறி நின்றும் பிடிக்கலாம். ஏறினவனை யாரும் திட்டுவதில்லை, கைதட்டுகிறார்கள். என்ன ஜனங்களோ! மைதானத்துக் கோடியில் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே பந்து போனால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. வழியில் யார் கையாவது பட்டுவிட்டால் நடுவில் போனாலும் ஒன்றுதான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கம்பத்தடியில் நின்று, ஒன்றுக்கு ஒரு கொடியும் ஆறுக்கு இரண்டு கொடியும் வீசுவார். இந்த ஆட்டத்தில் கியாசுதீன் எத்தனையோ தோள்களில் ஏறி இறங்கி நல்ல பேர் எடுத்தார்.

கடைசி ஆட்டத்தில் அவர் கட்சி ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. சங்கு ஊதுவதற்குக் கண் இமைக்கும் நேரம் முன்னால் கியாசுதீன் உதைத்தார். பந்து மேலே போனது, போனதுதான். ஜனங்கள் இருட்டும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போனார்கள். பந்து விழாமல் ஆட்டம் முடியாது, ஆட்டம் முடியாமல் ஆட்டப் பனியனைக் கழற்றக்கூடாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். கியாசுதீன் ஊருக்குக் கப்பல் ஏறினார். பந்தும் தலைக்கு மேலே கூடவே வந்தது.

கோடுபோட்ட கையில்லாத பனியனும் அரை டிராயருமாக வந்து இறங்கியவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நஜ்முன்னிசா வீட்டில் கொடுத்தார்கள். "இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துடும், கழட்டிடறேன்" என்று சத்தியம் பண்ணியதை அவளும் நம்பினாள். நிக்காஹ் அன்று ஷெர்வானிக்கு உள்ளே அதே பனியன் இருந்தது. பிறகு டிராயருக்கு மேலே கைலி கட்டிவிட்டாள். பனியனை அவர் உடம்பில் வைத்தே சோப்புப் போட்டுக் கும்மினாள். கியாசுதீன் ஸ்ரீரங்கத்துத் தோட்டங்களில் வாழை இலை வாங்கி, பாலக்கரையில் கல்யாண வீடுகளுக்குப் போட்டார். காவிரிப் பாலத்தில் அவர் சைக்கிள் போனால் மேலே பந்து போகும். சித்திரை வீதி ரங்கநாயகி மாமி மட்டும் மாடியிலிருந்து கூப்பிடுவாள். "பாய், உங்க பந்து என் வடாத்து மேல நிழல் போடறது. செத்த தள்ளி நில்லுங்கோளேன்." அவரும் தள்ளி நிற்பார்.

பந்து வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அறுபதாம் வருஷத்துக்கெல்லாம் பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. எகிறிப் பிடிக்கிறவருக்கு அது ஒரு உயரமா? ஆனால் கை பட்டால் ஒரு புள்ளி, கட்சி தோற்றுப் போகும். அந்தப் பயத்தில் மனிதர் துள்ளுவதையே விட்டுவிட்டார். சாக்கடையைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். "ரிட்டையர் ஆன ஆட்டக்காரர்" என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "இன்னும் ஆட்டம் முடியலீங்க!"

மகள் ஆரிஃபாவுக்கு உறையூரிலிருந்து வரன் வந்தது. பையன் சொக்கத் தங்கம். அவர்கள் வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: தலைக்கு மேலே பந்து தொங்குகிற வீட்டில் சம்பந்தம் பண்ண முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் இறக்கிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். ஆரிஃபா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் கியாசுதீன் நஜ்முன்னிசாவைக் கூட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த தென்னந்தோப்புக்குப் போனார். தோற்பதைப் பாலக்கரை பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். கைலியை மடித்துக் கட்டினார். பந்தை அண்ணாந்து பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அத்தனை வருஷம் பனியனைத் திட்டித் தீர்த்தவளுக்கு அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"வேணாங்க. வேற மாப்பிள்ளை பார்த்துக்கலாம்" என்றாள்.

"புள்ள சாப்பிடலியே, நஜ்மு" என்று சொல்லிவிட்டு எகிறினார்.

பத்தொன்பது வருஷம் துள்ளாத கால் அது. சேர்த்து வைத்த துள்ளல் எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்ததில், கியாசுதீன் பந்தைத் தாண்டி மேலே போய்விட்டார். நகம்கூடப் படவில்லை. கைலி கிளப்பிய காற்றில் பந்து ஆடியது, நகர்ந்தது, சரிந்தது. வரிசையாக நின்ற நான்கு தென்னைகளில் நடு இரண்டுக்கு இடையே புகுந்து தொப்பென்று விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பாசஞ்சர் ரயில் வந்தது. கடைசிப் பெட்டியில் வெள்ளை உடுப்போடு நின்ற கார்டு பிச்சமுத்து, ஆகாயத்தில் ஒரு ஆளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சிவப்புக் கொடியை எடுத்தார். ஆள் தண்டவாளத்தில் இல்லையே, வண்டி போகலாமே என்று பச்சையையும் எடுத்தார். எது சரி என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து வீசினார்.

"ரெண்டு கொடி! ரெண்டு கொடி! நஜ்மு, ஜெயிச்சாச்சு!" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. பின்னாலேயே பனியனும் வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. நஜ்முன்னிசா ஒரு முழம் எகிறி அதைப் பிடித்தாள், உடனே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நிக்காஹ் அடுத்த மாதமே நடந்தது. பந்துக்குத்தான் ஆட்சேபணை, மாமனாருக்கு இல்லை என்று உறையூர்க்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். காஜியார் கழுத்தை வளைத்துக் கேட்க, கியாசுதீன் மேலிருந்தே சம்மதம் சொன்னார். அவரும் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். மூன்று வேளையும் தொரட்டியில் தூக்குவாளி போகிறது. ரிட்டையர் ஆனவர் என்று சொன்னால் இப்போது தலையாட்டுகிறார். இலை வியாபாரத்தை நஜ்முன்னிசா பார்க்கிறாள். அவள் போகிற இடமெல்லாம் அவரும் தலைக்கு மேலே போகிறார். சித்திரை வீதி வந்ததும், மாமி கூப்பிடுவதற்கு முன்பே அவள் தள்ளி நடக்கிறாள். ஆள் மேலேயே நிற்கிறாரே என்று கேட்டவர்களிடம், "இருக்கட்டுமே, வெயிலுக்கு நல்லாத்தானே இருக்கு" என்கிறாள்.