பானகக் கப்பும் மரகதத்தின் கடைசிப் பெட்டியும்

1

இது கட்டுரையாக இருக்க வேண்டியது. கல்லூரி ஆண்டு மலருக்காக ‘தேனீக்களின் வீழ்ச்சி: காரணங்களும் தீர்வுகளும்’ என்று தலைப்பைக் கொடுத்து, மூன்று பக்கம் என்று அளவையும் கொடுத்தார்கள். காரணங்களை எழுதிவிட்டேன்: பூச்சிமருந்து, நோய், பூ இல்லாமல் போன ஊர், தாறுமாறான மழை. தீர்வுகளில் பேனா நின்றுவிட்டது. அப்போதுதான் கூடப் படிக்கிற கீர்த்தி, “எங்கம்மா மாடியில தேனீ வளக்கிறாங்க. நாலு பெட்டி இருந்துது, இப்ப ஒண்ணுதான். வந்து பாரு” என்றாள். போனேன். கட்டுரை அன்றோடு கெட்டது.

2

முதல் தொடக்கம்:

கோபுரத்தின் மீது இளஞ்சூரியன் தன் பொற்கதிர்களைப் பட்டு நூலாக—

(வேண்டாம். காஞ்சிபுரம் என்று எழுதியதுமே சூரியன்கூடத் தறியில் உட்கார்ந்துவிடுகிறது.)

இரண்டாவது தொடக்கம்:

மரகதம் தேனீக்களின் மொழி அறிந்தவள். அவை அவளிடம்—

(மரகதம்தான் கீர்த்தியின் அம்மா. இதை அவரிடமே படித்துக் காட்டினேன். “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கொட்டுனா வலிக்கும்பா” என்றார். அடித்துவிட்டேன். கதைக்குள் ‘அவள்’ என்பேன், வெளியே ‘அம்மா’தான். கதைக்குள் எனக்குக் காபி கிடைப்பதில்லை.)

மூன்றாவது தொடக்கம், வேறு வழியில்லாததால் நடந்ததே:

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி. மகளிர் குழுப் பயிற்சிக்கு ஆள் குறைகிறதென்று கூப்பிட்டதால் போன மரகதம், ஒரு தேனீப் பெட்டியோடு திரும்பினாள். பகலெல்லாம் கணவர் காசிநாதனோடு தறி வேலை. வெயில் தாழ்ந்ததும் மாடி. ஒரு பெட்டி பிரிந்து பிரிந்து நான்காயிற்று. பிறகு நான்கு குறையத் தொடங்கிற்று.

ஒரு பெட்டியில் நோய் வந்து தேனீப் புழுக்கள் பை மாதிரி ஊதிச் செத்தன. இன்னொன்றில் இருந்தவை, எதிர்வீட்டு வேம்பும் பக்கத்துத் தெரு முருங்கைகளும் வெட்டுப்பட்ட கோடையில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயின. மூன்றாவது பெட்டிக்காரர்கள் ஊர் எல்லையில் மருந்தடித்த கத்திரித் தோட்டத்துக்குப் போய்வந்து, வாசலிலேயே சுழன்று சுழன்று விழுந்தார்கள்.

(ஒரே மாடியில் மூன்று பெட்டி, மூன்று காரணம். கட்டுரைக்கு இது நல்ல வசதி. கதைக்கோ ஒரு முழு வில்லன் வேண்டும். எனக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் கால் வில்லன்கள்.)

“எல்லாம் டவர் பண்ற வேலை” என்றார் காசிநாதன், செல்போனில் பேசிக்கொண்டே.

மரகதம் நான்காவது பெட்டியின் மேல் கை வைத்தபடி இருந்தாள். “இதுவும் போச்சின்னா இனிமே வெக்க மாட்டேங்க. மனசு தாங்காது.”

3

பங்குனித் திருவிழா வந்தது. சாமி போகிற வீதி முனையில் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பது காசிநாதனின் வழக்கம். இந்த வருடம் காகிதக் கப்பில் அச்சே அடித்துவிட்டார்: ‘உபயம்: அமரர் துரைக்கண்ணு நினைவாக.’ பக்கத்தில் குட்டியாக ஒரு நந்தி. துரைக்கண்ணு அவருடைய அப்பா.

முதல் நாள் சாயங்காலமே சிக்கல். குடித்தவர்கள் கப்பைத் தெருவில் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் மிதித்தார்கள்.

“எங்கப்பா மேலயே நடக்கிறானுங்க மரகதம்!”

குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். அப்பாவைக் குப்பை வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை. மூட்டையாக்கி மாடிக்குக் கொண்டுபோனார். திருவிழா முடிந்ததும் மரியாதையாக ஏதாவது செய்யலாம் என்றார். அந்த ஏதாவது எது என்று அவருக்கே தெரியாது. தினமும் கப் சேர்ந்துகொண்டே இருந்ததால் மூட்டையின் வாயைக் கட்டவுமில்லை.

பெட்டி வாசலில், திரும்பி வரும் தேனீக்களின் சாயங்கால நெரிசல் குறைந்தது. மரகதம் எறும்பு பார்த்தாள், பல்லி பார்த்தாள், புழு பார்த்தாள். ஒன்றுமில்லை. துணி உலர்த்த இடைஞ்சலாக இருந்த ஒரு மூட்டையை நகர்த்தியபோது, உள்ளேயிருந்து ரீங்காரம் வந்தது.

கப்புகளின் அடியில் பானகம் பிசினாக இறுகியிருந்தது. அதில் அவளுடைய தேனீக்கள், இறக்கை ஒட்டிக்கொண்டு. சில இன்னும் காலை அசைத்தன. வெளிப்பக்கம் நந்தி அமைதியாக உட்கார்ந்திருந்தது.

(இப்படி ஒரு காரணத்தை நான் யோசித்திருக்கவே இல்லை. கட்டுரையில் சேர்த்தேன். அதற்குப் பிறகு டீக்கடைக் குப்பைத் தொட்டி ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கிறேன். டீக்கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.)

4

மரகதம் ஒரு கப்பைத் தறிக்கே எடுத்துவந்து நீட்டினாள்.

“இன்னாங்க, இதைப் பாருங்க.”

“ஈ.”

“ஈ இல்ல, நம்ம தேனீ. மூட்டையில விழுந்து செத்துக்கினு இருக்குதுங்க.”

காசிநாதன் கப்பைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். முகம் சுருங்கியது. “எங்கப்பா எறும்புக்கே ஒதுங்கி நடப்பாரு.”

“மாமாவை யாருங்க சொன்னது? கப்பைச் சொல்றேன்.”

“கப்புலதான அவரு பேரு இருக்குது!”

“கப்பே வேணாம்பா. சொம்புல ஊத்து” என்றாள் கீர்த்தி.

“அச்சடிச்சது பாதிக்கு மேல அப்படியே இருக்குதுமா. அதுல இருக்கிற அப்பாவை இன்னா பண்றது?”

மரகதம் கப்பின் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “வெல்லம் போகக் கழுவிட்டா அதுங்க வராது.”

“அத்தனையும் யாரு கழுவறது?”

5

முடிவு அ: காசிநாதன் கண் கலங்கி, “இயற்கைதான் நம் தாய்” என்று—

(அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.)

முடிவு ஆ: கடைசிப் பெட்டியும் காலி. மரகதம் வெறும் வானத்தைப் பார்த்தபடி—

(விமர்சகர்களுக்குப் பிடிக்கும். மரகதத்துக்குப் பிடிக்காது. எனக்குக் காபி நின்றுவிடும்.)

நடந்தது வேறு. மறுநாள் பந்தலில் கீர்த்தி ஒரு போர்டு வைத்தாள்: ‘தேனீக்களைக் காப்போம். கப்பைக் கழுவிப் போடவும்.’ கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒருவர் போர்டில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பானகம் குடித்தார். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. கப்புகள் வழக்கம்போல் தெருவில் விழுந்தன.

காசிநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்து வந்தவரைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கப்பைக் குளிப்பாட்டிட்டுப் போடுபா.”

“இன்னாத்துக்கு?”

“செத்தவரு பேருபா. குளிப்பாட்டாம அனுப்பலாமா?”

அந்த ஆள் செருப்பைக் கழற்றினார். கப்பை மூன்று முறை முக்கினார். பின்னால் இருந்தவர் அதைப் பார்த்துத் தானும் கழற்றினார். வரிசை உண்டாயிற்று. ஒரு அம்மாள் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் யாரோ தொட்டியில் மஞ்சள் கரைத்திருந்தார்கள். அதற்கும் மறுநாள் எதிர்ப் பந்தலிலும் ஒரு தொட்டி இருந்தது. அவர்கள் கப்பில் யார் பெயரும் கிடையாது. கேட்டேன். “தெரியலபா, செய்யணுமாம்” என்றார்கள்.

விலங்கியல் படிக்கிற கீர்த்திக்குத் தாங்கவில்லை. “அப்பா, இது மூடநம்பிக்கைப்பா!”

“தேனீக்குத் தெரியாதுமா, விடு” என்றார் காசிநாதன்.

(என் கட்டுரையின் தீர்வுகள் பகுதியில் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ‘புதிய சடங்குகளை உருவாக்குதல்’ என்று எழுதினால் மலரில் போடுவார்களா?)

6

மாடியில் இப்போது இருப்பவை குளித்த கப்புகள். மூட்டைகளுக்கு வாயும் கட்டியாயிற்று. சாயங்காலம் பெட்டிக்குத் திரும்புகிற சில தேனீக்களின் காலில் மஞ்சளாக மகரந்தம் தெரிகிறது. ஆனால் கூட்டம் மெலிந்துபோயிருக்கிறது. உள்ளே ராணி இருக்கிறதா, முட்டை வைக்கிறதா, தெரியாது.

“மூடியைத் தொறந்தா தெரிஞ்சிடும்மா. கதையும் முடிஞ்சிடும்” என்றேன்.

“உன் கதை முடியறதுக்கு அதுங்க வீட்டைத் தொறக்கணுமா? இப்பத்தான் பயம் தெளிஞ்சி போயி வந்துக்கினு இருக்குதுங்க. கம்முனு இருபா.”

கம்மென்று இருக்கிறேன். ஆகவே வாசகரே, முடிவு அந்த மூடிக்குக் கீழே இருக்கிறது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்கள்தான் மாடிக்கு வர வேண்டும். பெட்டி வாசலுக்கு நேராக நிற்காதீர்கள். அது அவற்றின் போக்குவரத்து வழி. பக்கவாட்டில் குனிந்து பலகையில் காதை வையுங்கள். ராணி இருந்தால் ரீங்காரம் ஒரே சீராக இருக்குமாம். மறுபக்கம் மரகதம் ஏற்கெனவே காதை வைத்திருப்பார். என்ன கேட்டது என்று என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கேட்டுவிட்டது; ஆமாம் என்று சொல்லத்தான் இன்னொரு ஆள் வேண்டுமாம்.