ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது

நவம்பர் பிறந்தால் அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர்களின் குரலே மாறிவிடும். வருஷம் முழுக்க, வகுப்பில் தூங்கும் பிள்ளையின் மேஜையைத் தட்டி எழுப்புகிறவர்கள், அப்போது மட்டும் அருகில் குனிந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரிப்பார்கள். பிள்ளைகள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடுகிற மாதம் அது. கைபேசியில் சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. 'உங்கள் குரலால் பள்ளி உயரும்' என்று மாடிப்படியில் சுவரொட்டி வேறு ஒட்டியிருந்தார்கள்.

டாக் உன்ஜூ அங்கே பதினோராம் வகுப்புக்கு வேதியியல் டீச்சர். ஒப்பந்த ஆசிரியை. மார்ச்சில் தொடங்கும் ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடியும். நீட்டித்தால் உண்டு, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இப்படி ஊர் ஊராகச் சுற்றி, தென்கொரியாவின் கடலோர ஊரான மொக்போவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். துறைமுகத்தைப் பார்த்த ஒற்றை அறை வீடு. எந்த ஊரிலும் வாங்காத திரைச்சீலையை இங்கேதான் வாங்கி மாட்டினாள். நிரந்தர ஆசிரியர்களுக்கும் அதே கேள்விகள்தான், அதே ஐந்துதான். ஆனால் அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தால் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இவளுக்குக் குறைந்தால் வேலை போகும்.

முடிவு வந்தது. உன்ஜூவுக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது. துணைத் தலைமையாசிரியர் பாங் ஜேசொப் தானே அவள் மேஜைக்கு வந்து, காப்பிப் பொட்டலத்தைக் கிழித்து வெந்நீர்க் கோப்பையில் கொட்டி, அந்தக் காலிப் பொட்டலத்தாலேயே கலக்கி நீட்டினார். ஒப்பந்த நீட்டிப்பு உறுதி, அதில் இனிப் பேச்சே இல்லை என்றார். டிசம்பரில் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளின் கருத்தைக் கேட்டுப் பாடத்தை எப்படி மாற்றினாள் என்று அவள் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "எனக்கு மேல இருக்கறவங்களுக்கு நம்பர் வேணும், டாக் டீச்சர். நம்பர் இருந்தா நம்மள விட்டுடுவாங்க" என்று சிரித்தார்.

உன்ஜூவால் அந்த எண்ணை நம்ப முடியவில்லை. வசந்த காலத்திலிருந்தே அவள் ஒரு வேலை செய்துவந்தாள். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகள் வெளியே போகலாம். அணுக்களை எண்ணும் மோல் கணக்கு தொடங்கியதிலிருந்து பாதிக்கு மேல் சீட்டுகள் தப்பு, அல்லது வெற்று. பரீட்சை விடைத்தாளும் அதையேதான் சொன்னது. அதே பிள்ளைகள் 'பாடம் தெளிவாகப் புரிகிறது' என்ற கேள்விக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள். வகுப்பில் கேட்டுப் பார்த்தாள். புரிந்தது டீச்சர் என்று கோயில் மணி மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் வகுப்பறையைத் துடைக்கும் நேரம். வகுப்புத் தலைவி குக் சோரின் ஈரத் துடைப்பத்தோடு தனியாக நின்றாள். வாய்த்துடுக்கான பெண். அம்மா மீன் சந்தையில் நெத்திலி தரம் பிரிக்கிறவள். செவிலியர் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது சோரினின் ஆசை. அதற்கு வேதியியல் வேண்டும். தனிப்பயிற்சிக்கு வசதி கிடையாது.

"சோரின், மோல் கணக்கு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

"அப்போ சீட்டுல ஏன் பூனை வரைஞ்சு குடுத்த?"

"ஏன் டீச்சர், பூனை நல்லா இல்லையா?"

உன்ஜூ சிரிக்கவில்லை. துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். டீச்சர் உட்கார்ந்துவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். சோரின் நகத்தைக் கடித்தபடியே நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

போன வருஷம் இயற்பியலுக்குக் கில் சார் என்று ஒருவர் இருந்தார். அவரும் ஒப்பந்தம்தான். கரும்பலகையைப் பார்த்தபடியே படபடவென்று நடத்திக்கொண்டு போவார். ஆனால் பிள்ளைகளுக்கு அவரென்றால் உயிர். சோரின் சுவரொட்டியை நம்பினாள். இரண்டு போட்டாள். கருத்துப் பெட்டியில், மெதுவாக நடத்துங்கள் சார், கொஞ்சம் திரும்பி எங்களைப் பாருங்கள் என்று எழுதினாள். அவருக்கு உதவியாக இருக்கும் என்றுதான் எழுதினாள். அவளைப் போலவே இன்னும் பலர் எழுதியிருந்தார்கள். மார்ச்சில் பள்ளி திறந்தபோது அவர் மேஜையில் வேறு ஆள் இருந்தார்.

"அவரு இப்போ குவாங்ஜுல பார்சல் வண்டி ஓட்டறாராம். எங்க கையாலதான் டீச்சர் அவர அனுப்பினோம்" என்றாள் சோரின். "அதனால பேசி வெச்சுக்கிட்டோம். ஒப்பந்த டீச்சர்னா கண்ண மூடிட்டு அஞ்சு."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கு உண்மையத்தான் போடுவோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க அதப் படிக்கவும் மாட்டாங்க."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஏப்ரலிலிருந்தே தனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னாள்.

உன்ஜூவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வகுப்பே, தன் டீச்சரைக் காப்பாற்றுவதற்காக, ஏழு மாதமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. பள்ளியை உயர்த்துகிறேன் என்று கேள்வி கேட்டவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: உண்மை சொன்னால், பிடித்தவர் தலையில்தான் அது விழும். வேதியியல் புரியாத பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் ஒரே தடவையில் புரிந்துபோயிருந்தது.

மறுநாள் அவள் எல்லோருக்கும் வெற்றுத்தாள் கொடுத்தாள். பெயர் வேண்டாம், எண் வேண்டாம், எந்த இடத்தில் உங்களை நான் தொலைத்தேன் என்று மட்டும் எழுதுங்கள் என்றாள். இது என் கைப்பையைத் தாண்டிப் போகாது என்றும் சொன்னாள். பிள்ளைகள் சோரினைப் பார்த்தார்கள். சோரின் முதலில் எழுதத் தொடங்கினாள்.

படித்தபோது உன்ஜூவின் முகம் எரிந்தது. 'உங்களுக்கே தெரியும் என்று சொல்லித்தான் ஒவ்வொன்றையும் தொடங்குகிறீர்கள். எங்களுக்குத் தெரியாது.' 'நாங்கள் எழுதி முடிக்கும் முன்பே அழித்துவிடுகிறீர்கள்.' 'அவ்வளவுதான், சுலபம் என்பீர்கள். அதற்கப்புறம் எப்படிக் கேட்பது?' எல்லாம் நிஜம். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவளிடம் இதைச் சொன்னதில்லை.

மோலை முதலிலிருந்து ஆரம்பித்தாள். சந்தையில் நெத்திலியை யாராவது எண்ணி விற்பார்களா என்று கேட்டாள். எங்கம்மா எண்ண ஆரம்பித்தால் கடை மூடுகிற வரைக்கும் எண்ண வேண்டியதுதான் என்றாள் சோரின். வகுப்பே சிரித்தது. எண்ண முடியாத சின்னப் பொருளை நிறுத்துத்தான் கணக்குப் பார்ப்போம், அணுவும் அப்படித்தான் என்று உன்ஜூ அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனாள். ஒரு கணக்கைப் போட்டால், கடைசிப் பிள்ளை பேனாவைக் கீழே வைக்கும்வரை அழிப்பானைத் தொடுவதில்லை. டிசம்பருக்குள் சீட்டுகளில் பூனை குறைந்து, விடைகள் வரத் தொடங்கின.

பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் பாங், அவளுடைய நான்கு புள்ளி ஒன்பதைப் பெரிய எழுத்தில் போட்ட படத்தைக் காட்டினார். வண்ணம் பிடித்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார். உன்ஜூ தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்தால் வேலை இருக்கும். ஆனால் அந்த எண் நிஜம் என்று மேடையில் நின்று சொன்னால், கில் சாரை அனுப்பிய எண்ணும் நியாயம் என்று ஆகிவிடும். பிள்ளைகளிடம் மறுபடி மதிப்பெண் போடச் சொல்லிக் கேட்கவும் முடியாது. இன்னொரு முறை அந்தப் பிள்ளைகளின் கையாலேயே ஒரு டீச்சரை வெளியே அனுப்ப வைப்பது பாவம். போவதென்றால், தன் வாயால் போக வேண்டும் என்று அவளுக்குப் பட்டது.

மேடையில் படம் ஒளிர்ந்தது. உன்ஜூ ஒலிவாங்கியைப் பிடித்தாள். பயமாகத்தான் இருந்தது.

"இந்த நம்பர் உண்மை இல்லீங்க" என்றாள். "என் பாடம் பாதிப் பேருக்குப் புரியல. ஒப்பந்த ஆசிரியருக்குக் கம்மியாப் போட்டா வேலை போயிடும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். அதான் அஞ்சு போட்டிருக்காங்க. வேலையையும் இந்தக் கேள்வியையும் முடிச்சுப் போடாதீங்க. போட்டா பிள்ளைங்க நம்மகிட்ட உண்மையே பேச மாட்டாங்க."

நிரந்தர ஆசிரியர்கள் தங்கள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன், இப்போதாவது பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று கேட்டார். புரிய ஆரம்பித்திருக்கிறது என்றாள். கைதட்டல் இல்லை. பாங் திட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. வெளியே வந்ததும் இன்னொரு காப்பி கலக்கிக் கொடுத்து, முதலிலேயே தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். மேலே அனுப்ப அவருக்கு இனி எண் இல்லை.

ஜனவரியில் பதில் வந்தது. மாணவிகள் குறைவதால் வேதியியல் வகுப்புகள் குறைகின்றன, ஆகவே ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. இரண்டு நாள் கழித்து, வேதியியலுக்கு ஒப்பந்த ஆசிரியர் தேவை என்று பள்ளியின் இணையப் பக்கத்தில் விளம்பரம் வந்தது. அதைப் போட்டவருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி, கடைசி நாள். உன்ஜூ மேஜையைக் காலிசெய்துகொண்டிருந்தபோது சோரின் ஆசிரியர் அறைக்குள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நாங்க அந்தப் பேப்பர்ல எழுதினதாலயா டீச்சர்?"

இந்தக் கேள்வி வரும் என்று உன்ஜூ பல நாளாகப் பதிலைத் தயார்செய்து வைத்திருந்தாள். "இல்ல. நீ எழுதினதால இல்ல, நான் மேடையில சொன்னதால. ரெண்டும் வேற. கில் சாருக்கும் நீ தப்பு எதுவும் பண்ணல. உன்கிட்ட கேட்ட கேள்விக்கு நீ பதில் சொன்ன, அவ்வளவுதான்."

சோரின், பரீட்சையில் தன் வேதியியல் தரம் இரண்டு படி உயர்ந்திருப்பதைச் சொன்னாள். உன்ஜூவின் கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை. சோரின் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். இருவரும் படியிறங்கினார்கள். சுவரொட்டி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் முன்னால் சோரின் நின்றாள்.

"உங்களுக்குப் பதிலா வர்றவங்க நிரந்தரமா, ஒப்பந்தமா டீச்சர்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"ஒப்பந்தம்" என்றாள் உன்ஜூ.

சோரின் பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கத் தொடங்கினாள்.

"அப்போ அஞ்சுதான் டீச்சர்."