புஷ்பலீலா மறியலுக்குப் போகாத நாள்

புஷ்பலீலா மலேசியாவில், ஈப்போ பக்கத்தில் ஒரு அரசாங்கப் பள்ளியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை செய்துகொள்ள, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூருக்கு வந்தார். சிகிச்சை முடிந்தது. திரும்பிப் போகத்தான் தோன்றவில்லை. கணவர் இறந்ததும் வீட்டை விற்றிருந்தார், பிள்ளைகள் கிடையாது. அங்கே இழுத்துப் பிடித்துச் செலவு செய்ய வேண்டிய ஓய்வூதியம் இங்கே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. பக்கத்து ஊரான பெருமாட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த மொய்துவின் வீட்டு மாடியில் குடியேறினார். சுற்றிலும் தென்னந்தோப்பு, வயல், எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும் தெரு.

ஊரில் அவருக்கு 'மலேசியாக்கா' என்று பெயர். அவர் பேசுவது தமிழ், இவர்கள் பேசுவதும் தமிழ். ஆனாலும் காலையில் அவர், சாப்பிட்டாச்சா என்பதற்குப் பதிலாக, "பசியாறியாச்சா?" என்று கேட்டால், மொய்துவின் மனைவி ஐசும்மாவுக்குச் சிரிப்பு வரும். விசா விதிப்படி சில மாதங்களுக்கு ஒருமுறை சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டுத் திரும்புவார். அந்த நாட்களில் மட்டும்தான் தான் வெளிநாட்டுக்காரி என்பது அவருக்கு நினைவு வரும்.

அந்த ஆண்டு தை மாதம் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. இரண்டாம் போக நெல் கதிர் தள்ளும் சமயம். மேலே அணையில் இருப்பு குறைவு என்றார்கள். பக்கத்து வீட்டுக் காளிச்சாமியின் வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெரிய ரோட்டில் மறியல் செய்வது என்று முடிவானது. ஊட்டுக்கு இரண்டு பேராவது வர வேண்டும் என்று பேச்சு.

காளிச்சாமியின் மனைவி ராமலட்சுமி மாடிக்கே வந்து கூப்பிட்டாள்.

"நீங்களும் வாங்கக்கா. பொம்பளைங்க நெறைய இருந்தாத்தான் அதிகாரிங்க எறங்கி வருவாங்க."

"நான் வரக்கூடாதும்மா. வெளிநாட்டு ஆளுங்க இந்த மாதிரி விஷயத்துல கலந்துக்கக் கூடாது. தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க."

"உங்களப் பாத்தா யாருங்க வெளிநாடுன்னு சொல்லுவாங்க? நம்ம மொகம், நம்ம பேச்சு."

"போட்டோ எடுப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல என் பேரு இருக்குது."

ராமலட்சுமி படியில் கால் வைத்தபடியே திரும்பினாள். "அனுப்புனா உங்க ஊருக்குத்தானுங்க அனுப்புவாங்க. எங்களுக்குப் போறதுக்கு வேற ஊரில்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஈப்போவில் போய் இறங்கினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று புஷ்பலீலாவுக்கே தெரியாது. ஆனால் காய்ந்த வயலை வைத்திருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது?

மறியலன்று விடிந்ததும் கீழே இறங்கி நேராகக் காளிச்சாமி வீட்டுக்குப் போனார். ராமலட்சுமி சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரோட்டுக்கு நான் வரல. ஆனா நீங்க வர்ற வரைக்கும் மாட்டை நான் பாத்துக்கறேன்."

"மாட்டுப் பழக்கம் உண்டுங்களா?"

"இல்ல. சொல்லிக்குடு."

ராமலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தீவனக் கூடையையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டினாள். "சென மாடு. கன்னு போட இன்னும் ஒரு வாரம் ஆகுமுங்க. பயப்படாதீங்க" என்றாள்.

நடுப்பகலுக்கு முன்பே மாடு தீவனத்தை விட்டுவிட்டுப் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. புஷ்பலீலா ராமலட்சுமிக்கும் காளிச்சாமிக்கும் மாறி மாறி போன் செய்தார். மறியல் கூச்சலில் யாரும் எடுக்கவில்லை. ஐசும்மாவைக் கூப்பிட்டார். ஐசும்மா வந்து, வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். அவளுக்கு மாடென்றால் பயம்.

"மாட்டாசுபத்திரிக்குப் போன் போடு" என்றார் புஷ்பலீலா.

கால்நடை டாக்டர் ஜெஸ்னா உடனே எடுத்தார். ஆனால் அவருடைய வண்டி, அதே மறியலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. போனிலேயே சொல்வதாகச் சொன்னார். அவர் பேசியது மலையாளம். புஷ்பலீலாவுக்கு மலையாளம் தெரியாது. ஐசும்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலிக்கு மேலாகக் கத்தினாள்.

"கன்னோட எது மொதல்ல வெளிய தெரியுதுன்னு கேக்கறாங்க."

"ரெண்டு குளம்பு. அதுக்கு மேல மூக்கு."

"அப்ப நேராத்தான் இருக்குதாம். காத்திருக்கச் சொல்றாங்க."

காத்திருந்தார்கள். குளம்பு வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தது. மாடு களைத்துப் படுத்துவிட்டது. ஐசும்மா மறுபடி பேசினாள்.

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு, துணி சுத்தி ரெண்டு காலையும் பிடிக்கணுமாம். மாடு முக்கும்போது மட்டும் இழுக்கணும். நேரா இழுக்காம, கீழ பாத்து."

புஷ்பலீலா தன் வாழ்நாளில் மாட்டைத் தொட்டதில்லை. வீட்டில் எப்போதும் கட்டும் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணியிலேயே உட்கார்ந்தார். மூட்டு சுரீர் என்றது. துணி வழுக்கியது. தனியாக இழுக்க முடியவில்லை.

"ஐசு, நீ இங்க வா."

"என்னால முடியாதுக்கா."

"எனக்கும் முடியலதான். வா."

ஐசும்மா ஒலிபெருக்கியை அழுத்தி, போனைக் கூரைக் கம்பில் செருகிவிட்டு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டே ஒரு காலைப் பிடித்தாள். மாடு முக்கியபோது இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். தலை வந்தது, பிறகு தோள் வந்து, கன்று முழுசாகச் சரிந்து இருவர் மடியிலும் விழுந்தது. அசைவில்லை. போனிலிருந்து சத்தம் வந்தது; மூக்கைத் துடைக்கச் சொல்கிறார்கள் என்றாள் ஐசும்மா. புஷ்பலீலா விரலால் வழித்து எடுத்துவிட்டு, சாக்கால் அதன் விலாவைப் பரபரவென்று தேய்த்தார். கன்று தும்மியது. தலையை ஆட்டியது.

இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாடு திரும்பிக் கன்றை நக்கத் தொடங்கியது.

மறியல்காரர்கள் பொழுது சாயத்தான் திரும்பினார்கள். நாலு நாளைக்குத் தண்ணீர் விடுவதாக அதிகாரிகள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதன்படி விடவும் செய்தார்கள். காளிச்சாமிக்குப் பாதி வயலாவது தேறியது.

மறியலன்று மாலை ராமலட்சுமி தொழுவத்துக்கு வந்தபோது கன்று நின்றுகொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. கிடாரிக் கன்று. புஷ்பலீலாவின் கைலி, முடி, முழங்கை எல்லாவற்றிலும் சாணியும் ரத்தமும் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. ராமலட்சுமி அண்டாவில் வெந்நீர் வைத்தாள். வாளியில் விளாவிக் கொண்டுவந்து, அவர் கையைத் தானே கழுவிவிட்டாள்.

"அன்னைக்கு நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

"நீ பேசுனது தப்பில்ல. ஆனா எனக்கும் அங்க வீடு இல்லம்மா."

"இல்லீங்களா?"

"வித்துட்டேன்."

ராமலட்சுமி இன்னொரு சொம்பு வெந்நீரை அவர் கையில் ஊற்றினாள்.

மறுநாள் சீம்பால் காய்ச்சி, வெல்லமும் ஏலக்காயும் போட்டு, ஒரு கிண்ணம் மாடிக்கும் ஒரு கிண்ணம் ஐசும்மாவுக்குமாகக் கொண்டுவந்தாள். புஷ்பலீலா அதைச் சாப்பிட்டதே இல்லை. கட்டிகட்டியாக இருந்தது, அந்த வாடை அவருக்குப் பிடிக்கவில்லை. ராமலட்சுமி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கிண்ணத்தைக் காலி செய்தார். இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க என்று அவள் எழுந்து போனாள்.