மாதுளையடித் தாழி

என் கொழுந்தன் தமாஸ் வேனிலிருந்து இறங்குவதற்குள் மேசையில் அவன் இடத்தில் ஒரு பீர் பாட்டிலை வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு ஒயின் கிண்ணம். திராட்சைத் தோட்டச் சீமையான எங்கள் ககேத்தியில் நண்பனை யாரும் பீரால் வாழ்த்துவதில்லை, பகையாளிக்குத்தான் பீர். அது அவனுக்கும் தெரியும்.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணி?" என்று பாட்டிலை மேசைக்கடியில் தள்ளினான்.

"வெயில்ல வந்திருக்கியே, சூடு தணியட்டும்னு வெச்சேன்."

என் கணவர் ஜும்பெர் போன அறுவடையின்போது செத்துப்போனார். அடக்கத்துக்கு வந்து, கல்லறை மண் காய்வதற்குள் தலைநகர் டிபிலிசிக்குக் கார் ஏறியவன் இந்தத் தம்பி. அங்கே பழைய கார் விற்கிறான். இப்போது ஒயின் ருசி பார்க்கவென்று டென்மார்க் வியாபாரி ஒருவரைக் கூட்டி வந்திருந்தான். பெயர் ஹென்ரிக். அவர் மனைவியும் வந்திருந்தாள். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல எலிசோ என்ற பெண்.

மேசையை நான் வால்நட் மரத்தடியில், பழைய கம்பளம் விரித்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. கம்பளத்துக்குக் கீழே, மண்ணுக்குள், கழுத்துவரை புதைந்து கிடந்தது என் மகள் நுத்ஸாவின் கல்யாணத் தாழி. அவளுக்குப் பேசி முடித்த வருடம் ஜும்பெர் திராட்சையை மிதித்து, தாழியில் நிரப்பி மூடிய ஒயின். துக்கம் முடிந்து வரும் இலையுதிர் காலத்தில் கல்யாணம். அன்றைக்குத்தான் அதைத் திறக்க வேண்டும். ஒருமுறை திறந்து காற்றுப் பட்டுவிட்டால் அத்தனை மாதம் தாங்காது. தமாஸ் எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும்; அவன் போனில் பேசிய தேனொழுகும் குரலே சொல்லிவிட்டது.

பாட்டிலில் அடைத்து வைத்திருந்த ஒயினை ஊற்றினேன். திராட்சைக் கொடிச் சுள்ளித் தணலில் சுட்ட இறைச்சியும் ரொட்டியும் வைத்தேன். ஹென்ரிக் கிண்ணத்தை மோந்து, சுழற்றி, வாயில் வைத்துக் கொப்பளித்து, கொண்டு வந்த வாளியில் துப்பினார். அவர் தொழில் அப்படியாம். இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.

"எல்லாம் நானே என் கையால செய்யறது. மிதிக்கறதும் நான்தான், தாழியை மூடறதும் நான்தான். அண்ணி கூடமாட உதவி செய்வாங்க" என்றான் தமாஸ். எலிசோ அதை அவர்கள் மொழியில் அப்படியே சொன்னாள். ஹென்ரிக்கின் மனைவி என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தாள்.

நான் அவன் கைகளைப் பார்த்தேன். கார் சாவியைத் தவிர வேறெதையும் தூக்காத கைகள். நகம் பளபளவென்றிருந்தது.

ஹென்ரிக் எலிசோவிடம் ஏதோ கேட்டார். "பாட்டில் ஒயின் நல்லா இருக்காம். மண்ணுக்குள்ள இருக்கறதுல இருந்து நேரா எடுத்துக் குடிக்கணுமாம். அது பிடிச்சாதான் பாட்டில்ல தமாஸ் பேரைப் போட்டு விப்பாராம்."

"இருக்கே. கல்யாணத் தாழி" என்று தமாஸ் எழுந்தான். "அண்ணி, மண்வெட்டி எங்க?"

"அது நுத்ஸாவோடது. தொடாதே."

"அண்ணன் மக எனக்கும் மகதானே? அவளுக்கு வேற ஒயின் நான் வாங்கித் தரேன்."

"கடையில வாங்கின ஒயினையா கல்யாணத்துல ஊத்துவாங்க? எந்த ஊர்க்காரன்டா நீ?"

"விருந்தாளி முன்னால மானத்தை வாங்காதீங்க. தோட்டத்துல பாதி என்னுது. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நீங்க காட்டவே வேணாம்."

அவன் விறுவிறுவென்று நடந்தான். என் கால் கம்பளத்தின் மேல் இருந்தது, எடுக்கவில்லை. ஆனால் அவன் போனது வேலியோரம், மாதுளைச் செடிப் பக்கம்.

எனக்கு விளங்கிவிட்டது. அவன் கல்யாணத்துக்கு ஒயின் எடுத்தது மாதுளையடித் தாழியிலிருந்துதான். இந்த வீட்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அன்றோடு நின்றுவிட்டது. பிறகு அங்கே நிழல் தந்த மல்பெரி மரம் விழுந்து மண் சூடேறியதால், ஜும்பெர் கல்யாண ஒயினை வால்நட் மரத்தடிக்கு மாற்றியது ஊருக்கெல்லாம் தெரியும்.

தடுத்திருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

வேலியில் சாத்தியிருந்த மண்வெட்டியால் மண்ணை ஒதுக்கினான், களிமண்ணைப் பெயர்த்தான், கல் மூடியை முக்கி முனகி நகர்த்தினான். விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். குபீரென்று வந்த புளித்த வாடையில் ஹென்ரிக்கின் மனைவி மூக்கைப் பொத்தினாள். தமாஸின் முகம் சுண்டிப்போயிற்று. வினிகருக்கும் ஒயினுக்கும் வித்தியாசம் தெரியாத ககேத்திக்காரன் கிடையாது.

சுரைக் குடுவையால் நானே மொண்டு, பெரிய மண் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றி நீட்டினேன். "முதல் கிண்ணம் திறந்தவனுக்கு. இது உங்க அண்ணன் கடைசியா மிதிச்சது. அவர் பேரைச் சொல்லிக் குடி."

அவன் என்னைப் பார்த்தான். செத்தவர் பேரில் எடுத்த கிண்ணத்தை எங்களில் யாரும் மிச்சம் வைப்பதில்லை. துப்புகிற வாளியும் தூரத்தில் மேசையருகே இருந்தது.

"அண்ணி, வேணாம்" என்றான் மெல்ல.

"ஜும்பெர் பேரு."

"ஜும்பெர்" என்றான், குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் கண்ணில் நீர் கொட்டியது. சொட்டு மிச்சமில்லாமல் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான்.

ஹென்ரிக் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசினார். எலிசோ தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இது புளிச்சுப்போச்சுன்னு, மூடினவருக்குத் தெரியாதான்னு கேக்கறார்."

தமாஸ் குனிந்து கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

"மூட வேண்டிய வாரத்துல ஜும்பெர் போயிட்டார்னு சொல்லும்மா" என்றேன். "வீடு நிறைய அழுகை. தாழி திறந்தே கிடந்துச்சு, யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்புறம் நான்தான் மூடினேன்."

எலிசோ சொல்லி முடித்ததும் ஹென்ரிக் தொப்பியைக் கழற்றி என் பக்கம் தலை தாழ்த்தினார். தமாஸ் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

தமாஸ் வாயைத் துடைத்தான். "தெரிஞ்சும் என்னைத் திறக்க விட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. உங்க அண்ணனோட நாற்பதாம் நாள் சாப்பாட்டுல, ஊர் மொத்தமும் உக்காந்திருந்தப்ப இந்தத் தாழியைச் சொல்லித்தான் அழுதேன். உன் நாற்காலி காலியா இருந்துச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு வேனை நோக்கிப் போனான். மேசைக்கடியில் கிடந்த பீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், அவன் ஏறியதும் இருக்கையோரம் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வேன் போன பிறகு களிமண் குழைத்தேன். நுத்ஸா வீட்டுக்குள்ளிருந்து வந்து கல் மூடியைத் தள்ள ஒரு கை கொடுத்தாள். "இன்னும் எதுக்கும்மா இதை வெச்சிருக்கே? கொட்டிடலாமே" என்றாள்.

"உங்கப்பா மிதிச்சதுடி" என்றேன். விளிம்பைச் சுற்றி, காற்றுப் புகாமல், விரலால் அழுத்தி அழுத்திப் பூசினேன்.